குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ: புண் ஆறவும் வேண்டும், மருந்தும் ஏற வேண்டும்

“தையல் போட்ட இடமே இன்னும் ஈரமா இருக்கு, அதுக்குள்ள கீமோவா?” பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆன வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சிலர் பயந்து தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் கசிவைச் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று டாக்டரிடமே மறைக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. எந்தப் புண், எந்த மருந்து என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். நோயாளிக்கும், வீட்டில் அவருக்குக் கட்டு மாற்றுகிறவருக்கும் சேர்த்து இதை எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவையும் தேதியையும் முடிவு செய்வது உங்கள் சர்ஜனும் ஆன்காலஜிஸ்ட்டும்தான்.

வயிற்றுக்குள் எத்தனை புண்

வெளியே தெரிவது தோலில் உள்ள கோடு மட்டும். அதற்கு அடியில், வயிற்றுச் சுவரைத் தாங்கும் வெள்ளை நார்ப்படலத்தைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். வயிறு பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தையல்தான். இன்னும் உள்ளே, கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளராலோ நூலாலோ சேர்த்த குடல் இணைப்பு இருக்கிறது. இவை போக ட்யூப் வைத்த ஓட்டை, ஸ்டோமா (மலம் பையில் இறங்க வயிற்றில் வைத்த திறப்பு) இருந்தால் அதன் விளிம்பு, ஆசனவாயை எடுத்து மூடியிருந்தால் பின்புறத் தையல், கீமோ ஏற்ற மார்பில் போர்ட் வைத்திருந்தால் அந்தக் காயம்.

ஒவ்வொன்றும் ஆறும் வேகம் வேறு. தோலின் ஓரங்கள் இரண்டு நாளிலேயே மூடிக்கொள்ளும். ஆனால் மூன்று வாரத்தில் அது பழைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்காது. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் வரும். அதற்கு மேல் எப்போதும் வராது. நார்ப்படலம் இன்னும் மெதுவு. முதல் ஒன்றரை இரண்டு மாதம் பளு முழுக்க நூலின் மேல்தான். தோல் அழகாக மூடிவிட்டதே என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர்களுக்குப் பின்னால் குடலிறக்கம் வருவது இதனால்தான்.

குடல் இணைப்பின் கணக்கு இதற்கு நேர்மாறு. முதல் 3 முதல் 5 நாட்களில் பழைய கொலாஜன் (சதையைப் பிணைக்கும் நார்) கரையும் வேகம், புதியது உருவாகும் வேகத்தைவிட அதிகம். அப்போதுதான் இணைப்பு மிகவும் பலவீனமாக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் தோலைவிட வேகமாகப் பலம் ஏறும். இணைப்பில் கசிவு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தெரிந்துவிடும். ஆபரேஷன் ஆன உடனே கீமோ கொடுத்தால் இணைப்பின் பலம் குறைவதை விலங்குகளில் செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சில நாள் இடைவெளி விட்டால் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நாலு வாரம் கழித்துத் தொடங்கும் வழக்கமான கீமோவால், கசிவில்லாமல் ஆறிய குடல் இணைப்பு பிரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

மருந்து எங்கே குறுக்கிடுகிறது

குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் கொடுப்பது இரண்டில் ஒன்று. கேபாக்ஸ் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் ட்ரிப்ஸ், கூடவே 14 நாள் காலை மாலை கேப்சைட்டபின் மாத்திரை. ஃபால்ஃபாக்ஸ் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டினும், 46 மணி நேரம் பம்ப்பில் மெதுவாக ஏறும் 5-எஃப்யூவும்.

5-எஃப்யூ வேகமாகப் பெருகும் செல்கள் புதிய டிஎன்ஏ தயாரிப்பதைத் தடுக்கிறது. கேப்சைட்டபின் உடலுக்குள் போய் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது. புண்ணை நிரப்பும் நார் செல்களும் மேலே மூடும் தோல் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான். ஆகவே திறந்த புண் ஆறுவது நின்றுவிடாது, மெதுவாகும். பெரிய சிக்கல் வெள்ளை அணுக்கள் குறைவது. கிருமியை விழுங்குவதும் செத்த சதையைச் சுத்தம் செய்வதும் அவற்றின் வேலை. அவை குறைந்திருக்கும் நாட்களில் ஒரு சின்ன தையல் ஓட்டைகூடக் கிருமிக்கு வாசல்.

பெவாசிஸுமாப் கதையே வேறு. அவாஸ்டின் என்ற பெயரிலும், அதே மருந்தின் வேறு பல பிராண்டுகளிலும் வருகிறது. இது புதிய ரத்த நாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் மருந்து. புண் ஆறுவதற்கு முதலில் வேண்டியதே அந்த நாளங்கள்தான். ஆறிவரும் புண்ணின் தரை நல்ல சிவப்பாக, பொடிப்பொடியான மணிகள் போல இருப்பது அந்த நாளங்களால். இந்த மருந்து ஏறும்போது அதே தரை வெளிறி, வழவழப்பாக, வாரக்கணக்கில் அளவு மாறாமல் நின்றுவிடும். அதனால் பெரிய ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 28 நாள் ஆகி, புண் முழுவதும் ஆறிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே இது ஏறிக்கொண்டிருப்பவருக்கு ஆபரேஷன் என்றால் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்த வேண்டும். உடலில் இதன் அளவு பாதியாகவே சுமார் 20 நாள் ஆகும் என்பதால் ஆறு வாரம் கேட்கும் சர்ஜன்கள் நிறையப் பேர். குடலில் ஓட்டை விழுவதும் இந்த மருந்தின் அறிந்த பக்கவிளைவு. அபூர்வம்தான், ஆனால் மலக்குடலில் ரேடியேஷன் வாங்கிய இணைப்பு இருப்பவர்களுக்கு மாதங்கள் கழித்துக்கூட வரலாம்.

ஒரு ஆறுதல்: வேறு உறுப்புக்குப் பரவாத நோய்க்கு, அதாவது ஆபரேஷனோடு முழுதாக எடுத்துவிட்ட மூன்றாம் நிலைக்கு, பெவாசிஸுமாப் கொடுப்பதில்லை. அங்கே அதனால் பலன் இல்லை. நான்காம் நிலைக்குத்தான் வரும். உங்கள் சீட்டில் அது இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இங்கே சொல்லும் பாதி விஷயம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

எப்போது தொடங்கலாம், எப்போது நிறுத்தி வைக்க வேண்டும்

ஆபரேஷனுக்குப் பின் 4 முதல் 8 வாரத்துக்குள் கீமோ தொடங்குவது வழக்கம். 8 வாரம் தாண்டத் தாண்ட அதனால் கிடைக்கும் பாதுகாப்பு குறைகிறது. ஆகவே “புண் முழுசா காயட்டும்” என்று மூன்று மாதம் உட்கார்ந்திருப்பது புண்ணைக் காப்பாற்றி நோயை வளர்க்கிற வேலை.

தோல் மட்டும் ஓரிடத்தில் விரலகலம் பிரிந்து, தரை சிவப்பாக, சுற்றிலும் வீக்கமோ வாடையோ இல்லாமல் இருந்தால், வழக்கமான கேபாக்ஸையோ ஃபால்ஃபாக்ஸையோ அதற்காக நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இல்லை. கட்டு மாற்றிக்கொண்டே மருந்தும் ஏறும். அதே புண்ணோடு பெவாசிஸுமாப் தொடங்க மாட்டார்கள். சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் முதலில் கிருமியை அடக்க வேண்டும். வயிற்றுக்குள் சீழ்க்கட்டியோ இணைப்புக் கசிவோ இருந்தால், ஸ்கேனில் பார்த்து, ட்யூப் போட்டு வடித்து, அது அடங்கும்வரை கீமோ கிடையாது. இங்கே தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். புண்ணிலிருந்து மலமோ பச்சை மஞ்சள் நீரோ வந்தால் அது தோல் பிரச்சினை அல்ல. குடலுக்கும் தோலுக்கும் வழி விழுந்திருக்கிறது.

முதல் கீமோவுக்கு முந்தைய வாரம் சர்ஜனிடம் புண்ணைத் திறந்து காட்டுங்கள். ஆன்காலஜி ஓபியில் கூட்டத்துக்கு நடுவே சட்டையைத் தூக்கிக் கட்டைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். இன்னொன்று, இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் புண்ணைப் படம் எடுத்து வைத்திருங்கள். “கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கு” என்பதைவிட 3 சென்டிமீட்டர் 4 ஆனதைக் காட்டும் இரண்டு படங்கள் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

ரத்த ரிப்போர்ட்டில் நீங்களே பார்க்க வேண்டியவை நாலு. வெள்ளை அணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 1500-க்கு மேல் இருந்தால்தான் பொதுவாகக் கீமோ ஏற்றுவார்கள். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவும் நியூட்ரோஃபில் சதவீதமும் தனித்தனியே இருக்கும், பெருக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 3000, சதவீதம் 40 என்றால் 1200. பிளேட்லெட் முதல் முறைக்கு ஒரு லட்சம் வேண்டும். அடுத்தடுத்த முறைகளில் 75,000 இருந்தால் ஏற்றும் இடங்கள் உண்டு. ரத்தப் புரதமான ஆல்புமின் 3.5-க்குக் கீழே என்றால் புண் ஆற உடம்பில் சரக்கு இல்லை என்று அர்த்தம். சர்க்கரை 180-க்கு மேலேயே நின்றால் மிச்சமிருக்கும் வெள்ளை அணுவும் ஒழுங்காக வேலை செய்யாது. சிகரெட், பீடி, புகையிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிக்கோட்டின் ரத்த நாளத்தைச் சுருக்கும்.

ஒரு கீமோ சைக்கிளின் (சுற்றின்) நாட்காட்டி

மருந்து ஏறும் நாள் முதல் 3 நாள் வரை வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அது ஸ்டீராய்டு. சர்க்கரையை ஏற்றும், புண் ஆறுவதைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், காய்ச்சலையும் அமுக்கிவிடும். அந்த நாட்களில் உடம்பு சூடில்லை என்பதை நம்ப வேண்டாம். நடுக்கம், சோர்வு, புண்ணில் புதிதாக வலி ஆகியவற்றைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் இந்த மூன்று நாளும் வீட்டிலேயே குத்திப் பார்க்க வேண்டும்.

கேபாக்ஸ் போன்ற மூன்று வாரச் சைக்கிளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். 21-ஆம் நாளை ஒட்டி மீளும். தங்கிவிட்ட தையல் நூலை எடுப்பது, புண்ணில் செத்த சதையைச் சுரண்டுவது, பல் பிடுங்குவது எதுவாக இருந்தாலும் அடுத்த சைக்கிளுக்கு முந்தைய ஓரிரு நாளில், ரத்த அணுக்களின் கவுண்ட் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாளில் “சும்மா ஒரு நூல்தானே” என்று பக்கத்து கிளினிக்கில் இழுத்து எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் நாளில் காய்ச்சலோடு அட்மிட் ஆவது நடக்கிற கதைதான்.

சீழ் இல்லாத புண்ணும் கெட்டிருக்கலாம்

இதைத்தான் வீட்டில் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சீழ் என்பதே செத்த வெள்ளை அணுக்களின் குவியல். அணுவே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? கவுண்ட் குறைந்த நாட்களில் புண்ணுக்குள் கிருமி பெருகினாலும் வெளியே மஞ்சளாக எதுவும் வராது; வீக்கம் லேசாக, சிவப்பு மங்கலாக இருக்கும். நேற்று இல்லாத வலி இன்று இருக்கிறது என்பது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். புண்ணைச் சுற்றித் தோலில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள்; சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸை எட்டினால், நேரம் ராத்திரி இரண்டு மணியானாலும், கிளம்புங்கள். முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு அளந்தால் கணக்கு பொய்யாகும். எமர்ஜென்சியில் போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “கீமோ ஏறி இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல்.” அதைக் கேட்டால் ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்குவார்கள். சாதாரண காய்ச்சல் வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கட்டு மாற்றும் முறை

மூடிய தையலுக்குக் கட்டே தேவையில்லை. தினமும் குளிக்கும்போது சோப்பு நுரை வழிந்து ஓடட்டும். தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கீமோவோ ரேடியேஷனோ ஏற்கெனவே வாங்கியவருக்கு ஸ்டேப்ளர் பின்னை வழக்கத்தைவிடச் சில நாள் கூடுதலாக விட்டு வைப்பதுண்டு. “பக்கத்து பெட்காரருக்குப் பத்தாம் நாளே எடுத்துட்டாங்க” என்று அவசரப்படுத்த வேண்டாம்.

திறந்த புண்ணுக்கு:

1. கையை சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, கையுறை போட்டுக்கொண்டு பழைய கட்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காமல், நார்மல் சலைன் விட்டு ஊறவைத்து எடுக்கவும். பிய்த்து எடுத்தால் நேற்று முளைத்த சதையும் கூடவே வரும்.

2. எடுத்த காஸ் துணியை முகர்ந்து, நிறம் பார்த்து, உள்ளே எத்தனை துண்டு வைத்தீர்களோ அத்தனையும் வந்ததா என்று எண்ணுங்கள். உள்ளே தங்கிய ஒரு துண்டு போதும், புண் மாதக்கணக்கில் ஆறாது.

3. கையுறையை மாற்றுங்கள். நார்மல் சலைனால் மெதுவாகக் கழுவுங்கள். 100 மில்லி பாட்டில் வாங்கினால் திறந்த 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பெரிய பாட்டிலை ஒரு வாரம் வைத்துப் பயன்படுத்துவது சிக்கனம் அல்ல. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவருக்கு ஜில்லென்ற திரவம் பட்டால் ஊசி குத்துவது போல மரத்து வலிக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கு ஐஸ் ஒத்தடமும் இவர்களுக்கு ஆகாது.

4. சலைனில் நனைத்துப் பிழிந்த காஸை உதறி, தளர்வாகப் புண்ணின் அடிவரை வையுங்கள். அடைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும்; மேலோட்டமாக வைத்தால் மேலே மூடி உள்ளே குழி தங்கும்.

5. மேலே உலர்ந்த பேட். பிளாஸ்திரியைத் தினமும் ஒரே இடத்தில் ஒட்டிப் பிய்க்காதீர்கள். கேப்சைட்டபின் சாப்பிடுகிறவரின் தோல் மெலிந்து உரியும். காகித டேப் அல்லது வயிற்று பெல்ட்டால் பிடித்து வைப்பது நல்லது.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் எதையும் திறந்த புண்ணில் ஊற்ற வேண்டாம். கிருமியோடு புதிய செல்லையும் கொல்லும். பீட்டாடைனையும் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம். மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய், பச்சிலைச் சாறு வேண்டவே வேண்டாம். கவுண்ட் குறைந்தவருக்கு அவற்றில் இருக்கும் பூஞ்சையும் மண் கிருமியும் உயிருக்கே வினையாகலாம்.

ஆழமான புண்ணுக்கு வேக்குவம் டிரெஸ்ஸிங் போட்டிருந்தால், பொதுவாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சு அழுத்தம், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றம். அது ஆஸ்பத்திரி வேலை. ட்யூபில் திடீரென்று ரத்தமோ மலமோ வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

பத்தியம் பற்றி

முட்டை, மீன், பருப்பு, கத்திரிக்காய் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லிக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்னும் நிறைய. புண்ணைக் கெடுப்பது அந்தப் பத்தியம்தான். அரிசிக் கஞ்சியில் புரதம் சொற்பம். புண்ணில் உருவாகும் கொலாஜன் முழுக்கப் புரதம். கீமோவோடு புண்ணும் ஆற வேண்டியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 60 கிலோ எடையென்றால் 72 முதல் 90 கிராம்.

அதை எட்டுவது எப்படி? ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 அல்லது 8, நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20, ஐம்பது கிராம் பனீரில் 9, ஒரு இட்லியில் சுமார் 2. காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. பதினோரு மணிக்குப் பால். மதியம் சோறு, பருப்பு, மீன், தயிர். மாலையில் பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி. இரவில் தோசையோடு பனீர், படுக்கும் முன் பால். எண்பதைத் தொட்டுவிடும். ஒரே வேளையில் ஏறாவிட்டால் ஆறு வேளையாகப் பிரியுங்கள். சைவமென்றால் பாலும் பனீரும் சோயாவும் கூட வேண்டியிருக்கும். இலியாஸ்டமி (சிறுகுடலில் வைத்த ஸ்டோமா) இருப்பவர்கள் முதல் ஆறு எட்டு வாரம் சுண்டல், முழு நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, காளான் தவிர்க்க வேண்டும்; ஸ்டோமாவின் வாயில் சிக்கி அடைக்கும். பொடித்து, குழைத்துக் கொடுங்கள்.

சத்து மாத்திரையில் ஒரு பொறி இருக்கிறது. ஃபோலிக் ஆசிட் சேர்ந்த மல்டிவிட்டமின் கேப்சைட்டபினின் நச்சுத்தன்மையைக் கூட்டும். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கேப்சைட்டபின் தொடங்கினால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்து, புண்ணிலும் குடலிலும் ஒழுகலாம். இதை ஆன்காலஜிஸ்ட்டிடம் முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

முக்கலும் போக்கும்

வாந்தி மாத்திரையான ஆன்டன்செட்ரான் மலத்தைக் கட்டும். ஆபரேஷன் ஆன வயிற்றோடு முக்கினால் நார்ப்படலத் தையலுக்குப் பளு. கீமோ நாளன்றே மலமிளக்கி வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போக்கு தொடங்கியதும் அதை நிறுத்துங்கள். இருமினாலும் தும்மினாலும் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.

போக்கு வந்தால் எண்ண வேண்டும். வழக்கத்தைவிட ஒரு நாளில் நாலு முறை கூடினாலோ, இரவில் எழுந்து போக வேண்டியிருந்தாலோ, கேப்சைட்டபின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். விட்டுப்போன மாத்திரையைப் பிறகு சேர்த்து விழுங்கக் கூடாது. இலியாஸ்டமி இருந்தால் பையில் வருவதை அளவு குவளையில் ஊற்றிக் குறித்து வையுங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். இரண்டு லிட்டர் என்றால் அட்மிஷன்; தாமதித்தால் சிறுநீரகம் படுத்துவிடும். தாகத்துக்கு வெறும் தண்ணீரும் டீயும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் பை இன்னும் நிரம்பும், உப்பு இன்னும் வெளியேறும். ஓஆர்எஸ் குடிக்க வேண்டும். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. பாக்கெட் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. போக்கை நிறுத்தும் லோப்பரமைட் நல்ல மருந்துதான். ஆனால் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

பையை மாற்றுகிறவர் கீமோ ஏறிய 48 மணி நேரம் கையுறை போடட்டும். மருந்தின் மிச்சம் மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். நோயாளியே மாற்றினால் வேறு சிரமம்: விரல் நுனி உரிந்து மரத்திருக்கும், பையின் கொக்கி பிடிபடாது. ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டும் பிளேட்டுகளை முன்பே வெட்டியதாக வாங்கி வைப்பது உதவும்.

பின்புறத் தையல்

ஆசனவாயை எடுத்து மூடிய புண் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. பெரும்பாலும் அந்த இடம் 25 முதல் 28 நாள் ரேடியேஷன் வாங்கியிருக்கும். சின்ன ரத்த நாளங்கள் கருகி, சதை விறைத்திருக்கும். மேலே தோலும் கீழே வெற்றிடமும் உள்ள இடத்தில் நீர் தேங்கித் தையல் பிரிவது அங்கே சகஜம், ஆற மாதங்கள் ஆவதும் சகஜம். சுத்தமாக இருந்தால் அதற்காகக் கீமோவை நிறுத்தி வைப்பதில்லை. காற்று ட்யூப் வளையத்தில் உட்காராதீர்கள். அது இரு பக்கமும் இழுத்துத் தையலைப் பிரிக்கும். தட்டையான கெட்டி ஸ்பாஞ்ச் மெத்தையில், ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் இல்லாமல் உட்கார்ந்து, பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

வயிறு பிரிந்தால்

ஆபரேஷன் ஆன 5-ஆம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, உலர்ந்திருந்த தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கட்டை நனைத்துக்கொண்டு கொட்டினால், உள்ளே நார்ப்படலம் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோல் மூடியிருந்தாலும் சரி. இருமும்போது “டப்” என்று ஏதோ விட்டது போலிருந்தது என்று நோயாளி சொல்வார். படுக்க வைத்து முழங்காலை மடக்குங்கள். குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அது காயாமல் ஈரமாக வைத்திருங்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

ஸ்டோமாவை மூடும் ஆபரேஷன்

மலக்குடல் இணைப்பைக் காப்பாற்ற வைத்த தற்காலிக இலியாஸ்டமியை எட்டு பன்னிரண்டு வாரத்திலேயே மூடலாம் என்றாலும், கீமோ நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அது முடிந்த பிறகே மூடுகிறார்கள். நடுவில் மூடி, அதில் ஒரு கசிவு வந்தால் மிச்சக் கீமோ போய்விடும். கடைசிக் கீமோ முடிந்து மூன்று நாலு வாரம் கழித்து, கவுண்ட்டும் ஆல்புமினும் பார்த்து, கீழே உள்ள இணைப்பு ஆறியிருக்கிறதா என்று மருந்து விட்டு எக்ஸ்ரேயோ ஸ்கோப்போ செய்து தேதி கொடுப்பார்கள்.

மூடிய பிறகு பை இருந்த இடத்தின் நடுவில் ஒரு விரல் நுழையும் குழி இருந்தால் தையல் விட்டுப்போச்சு என்று பதற வேண்டாம். பல சர்ஜன்கள் சுருக்குப் பை போலச் சுற்றித் தைத்து நடுவை வேண்டுமென்றே திறந்து விடுகிறார்கள். முழுதாக மூடினால் உள்ளே கிருமி தங்கும் இடம் அது. அடியிலிருந்து நிரம்பிவர மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். தினமும் குளித்து, உலர்ந்த காஸ் ஒன்று வைத்தால் போதும்.